மயிரிழை

கடைக்காரப் பெண் உடனே காசை வாங்கவில்லை.
முதலில் அவன் தாடியைப் பார்த்தாள்,
பிறகு அவன் கையிலிருந்த சுவாசக் கவசத்தை.
"இது வேண்டுமென்றால் அது போகணும்" என்றாள்.
"ரப்பர் விளிம்பு தோலில் படியணும்.
மயிரிழை இடைவெளி போதும்,
ஈயத்தூசி உள்ளே வந்து குடித்தனம் நடத்தும்."

ஊர்மாஸ் சிரித்தான். பதினேழு வருடத் தாடி.
எனக்கு முதலில் அறிமுகமானது அந்தத் தாடிதான்;
ஆள் அதற்குப் பின்னாலிருந்து
மெதுவாக வந்தான்.

தார்த்து நகரத்துக் கார்லோவாவில்
கடனில் வாங்கிய மரவீடு.
முன்னறைச் சுவரை நகத்தால் கீறினால் பச்சை,
பச்சைக்கு அடியில் காமாலை மஞ்சள்,
பிறகு பழுப்பு, அதற்கும் கீழே
நல்ல பிள்ளைபோல ஒரு வெள்ளை.
சோதனைக் குச்சி அந்த வெள்ளையில்தான் சிவந்தது.
எத்தனை குடும்பங்கள் அதைச்
சுத்தம் என்று நம்பியிருக்கும்.

வெள்ளி இரவு குளியலறையைத் தாழிட்டுக்கொண்டான்.
தண்ணீர் ஓடியது, நின்றது, ஓடியது.
வெளியே வந்தவனுக்கு
மூக்குவரை வெயில், மூக்குக்குக் கீழே மைதா மாவு,
மோவாயில் ஒரு குழி.
பதினொரு வருடம் ஒரே போர்வை,
குழியைப் பற்றி மூச்சு விட்டதில்லை.
நாய் ஒருமுறை குரைத்தது.
பிறகு வெட்கப்பட்டு மேசைக்கடியில் போய்விட்டது.

"கண்ணாடியில் அப்பா நிற்கிறார்" என்றான்.
குண்டா சிமெண்ட் ஆலையில் இருந்தவர்.
வாயில் கைக்குட்டை கட்டிக்கொள்வாராம், அவ்வளவுதான்.
அம்மா அதை ஊறவைத்த வாளியின் அடியில்
மறுநாள் கல் பிடித்திருக்குமாம்.

மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
தரையில் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டும் வேலை இருந்தது,
பசைநாடா வேறு முறுக்கிக்கொண்டது.

சனி காலை.
தொப்பி வைத்த வெள்ளை உடுப்பு, கையுறை, கண்ணாடி.
உள்ளங்கைகளால் வடிகட்டிகளை மூடி
மூச்சை இழுத்தான்.
ரப்பர் கன்னத்தோடு அமுங்கி நின்றது.
கட்டைவிரலை உயர்த்தினான்.
நான் இழுத்தேன்.
எங்கிருந்தோ குளிர்ந்த காற்று கசிந்தது.
மறுபடி இழுத்தேன். மறுபடி கசிவு.
குனிந்து பார்த்தான்:
காதோரத்தில் ஒரு முடி. ஒன்றே ஒன்று.
கையுறை விரலால் அதை எடுத்து
தொப்பிக்குள் தள்ளினான்,
கல்யாணத்தன்று மோதிரம் போடும்போதுகூட
இத்தனை கவனம் இல்லை.

ஈரம் தெளித்துத்தான் சுரண்டினோம்.
உலர்ந்ததைத் தொட்டால் பறக்கும் என்று
அந்தப் பெண் இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.
வண்ணம் பழைய பாலாடைபோலச் சுருண்டு விழுந்தது.
"வாளி" என்று கத்தினால் விளக்கை நீட்டினான்.
"விளக்கு" என்றால் தலையாட்டினான்.
நாள் முழுக்க நான் சுவாசித்தது
காலையில் தின்ற ஹெர்ரிங் மீனின் வாசனையை மட்டும்.
இரண்டு மணிக்குமேல் பேசுவதை விட்டுவிட்டோம்.
மூச்சுச் சத்தம் மட்டும்,
அவனுடையது கொஞ்சம் முன்னால்,
என்னுடையது பின்னால்,
நடுவில் கரண்டியின் கீறல்.

மாலை கொல்லைக் கதவருகே
உடுப்பை உட்புறம் வெளியே தெரிய உரித்து
பைக்குள் அடைத்தோம்.
இருவர் மூக்கின் மேலும் ஒரே சிவப்புக் கோடு.
தரையை ஈரத்துணியால் துடைத்தான்,
துடைத்ததை மறுபடி துடைத்தான்,
ஜன்னல் விளிம்பை, குழாயை, கதவுக் குமிழை.
போதும் என்றேன்.
வாளித் தண்ணீரைக் காலால் தள்ளாமல்
இரண்டு கையாலும் தூக்கிப்போய்
அடியில் ஏதும் படிந்திருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

அது நடந்து மூன்று வாரம்.
முன்னறை இப்போது சாம்பல் நீலம்,
நான் கேட்ட நீலம் அல்ல, பரவாயில்லை.
கவசங்கள் பையில் கட்டிக் கொட்டகை ஆணியில் தொங்குகின்றன.
இன்று காலை அவன் மோவாய்
எண்பதாம் நம்பர் உப்புத்தாள்.
வளர்க்கிறாயா மழிக்கிறாயா என்று கேட்கவில்லை.
குழி மூடுவதற்குள் ஒருமுறை
விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

மாடியறைக் கூரை இன்னும் பாக்கி.