கொட்டமுத்து

உழுதது நான்தான்.
சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நெடுவக்குறிச்சிக் கோட்டை இருந்த மேட்டை
மயிலையும் செவலையும் பூட்டி
குறுக்கும் நெடுக்கும் மூன்று உழவு ஓட்டியவன்
இந்த மூக்காண்டிதான்.
கூலி, நாளுக்கு ரெண்டு படி சோளம்.
அதில் ஒரு படி பூச்சி.

பாளையங்கோட்டையிலிருந்து பட்டாளம் வந்தபோது
சித்திரைக் கோடைமழை.
கரிசல் பிடித்தால் விடுமா?
கயத்தாறு தாண்டியதும் பீரங்கிச் சக்கரம்
அச்சுவரை இறங்கிவிட்டது.
கும்பினியின் முப்பது மாடு இழுத்தும் அசையவில்லை.
கோட்டைக்குள் இருந்தவர்கள் அன்று சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், வெளியே, வரப்பில் நின்று.
மறுநாள் வெயில். மண் இறுகியது.
சக்கரம் உருண்டு வந்தது.

கோட்டை எங்களுக்கு ஒன்றும் தாய்மடி இல்லை.
காவல் வரி என்று
கதிர் அறுக்கும் முன்னே களத்தில் நிற்பார்கள்.
கோழியைக்கூட எண்ணிக்கொண்டு போவார்கள்.
ஆனாலும் அந்தச் சுவருக்கு மண் மிதித்த கால்
எங்கள் கால்.
கரிசலும் கூளமும் கருப்பட்டித் தண்ணியும்.
குண்டு வந்து விழும்.
களி உருண்டையைப் பிள்ளை விழுங்குகிற மாதிரி
சுவர் அதை விழுங்கும்.
தொப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
மூன்று நாள் அப்படி.
நாலாம் நாள் பெரிய பீரங்கி வந்தது.

பிளந்த இடத்தை அடைக்க
வைக்கோல் பிரியோடு போனான் என் தம்பி கொம்பையா.
வாள் இல்லை, ஈட்டி இல்லை.
செத்தவர்களை எண்ணியவர்கள் அவனைப்
படையாள் என்று எழுதினார்களா
கூலியாள் என்றா, தெரியாது.

பிறகு கச்சேரி உத்தரவு.
ஊர்ப்பெயரைக் கணக்கில் அடி.
கோட்டையை உழு. ஆமணக்கு விதை.
எழுத்தாணியை அழுத்தி அழுத்தி அடித்ததில்
கணக்கப்பிள்ளையின் ஓலை
கிழிந்தே போனதாகச் சொன்னார்கள்.

முதல் சாலிலேயே கொழு 'கிண்' என்றது.
குனிந்து எடுத்தால் குண்டு.
சாயங்காலத்துக்குள் பதினேழு.
சுபேதார் எண்ணி வாங்கிக்கொண்டார்,
எங்கள் கோழியை எண்ணியவர்கள் மாதிரியே.

பிளவு இருந்த இடம் வந்தது.
செவலை அங்கே நின்றது என்று சொல்ல ஆசைதான்.
நிற்கவில்லை. மாட்டுக்கு என்ன தெரியும்?
நான்தான் மேழியைத் தூக்கிப் பிடித்தேன்,
ஓர் ஆள் நீளம்.
கொழு மண்ணைத் தொடாமல் காற்றில் போனது.
சிப்பாய் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான்,
மீசை அரும்பாத வடக்கத்திப் பையன்.
தெரிந்துதான் முகத்தைத் திருப்பினானா
வெயில் கண்ணில் அடித்ததா,
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஐப்பசியில் முளை.
மார்கழியில் ஆள் உயரம்.
அப்படி ஒரு தழைப்பு.
காரணம் கேட்காதீர்கள்.

பங்குனி உச்சிவெயில்.
காவலுக்கு நாலு சிப்பாய்கள்
உடைமர நிழலில் கஞ்சி குடிக்கிறார்கள்.
முதல் காய் வெடித்தது.
பட்.
அந்தப் பக்கம் இன்னொன்று.
பட். பட்பட்.
மேடு முழுக்கப் பிடித்துக்கொண்டது.

கலயம் கவிழ, தலைப்பாகை நழுவ,
துப்பாக்கியை எடுத்து நீட்டினார்கள் நாலு பேரும்.
அரை நாழிகை அப்படியே நின்றார்கள்,
ஆள் ஒருவரும் இல்லாத செடிகளைக் குறி பார்த்து.

ஆள் இல்லை என்பதும் தப்பு.
துப்பாக்கி முனைக்கும் செடிக்கும் நடுவில்
குனிந்து, சிதறிய முத்தைப்
பொறுக்கிக்கொண்டிருந்தாள்
கொம்பையா பெண்டாட்டி ஆவுடை.
நிமிரவே இல்லை.
மடி நிறைந்ததும் எழுந்து,
தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"கஞ்சி கொட்டிப் போச்சே, ஐயா."