றோட்டு எங்க?

குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்துநிற்கையில்
பையைத் திறந்து லென்ஸ்களைத் தொட்டு எண்ணினேன்.
(எங்கள் பக்கம் ஆற்றைக் கடத்துகிற தெப்பத்துக்குப் பேர் பாதை.
தரையில் கிடப்பது றோட்டு.)
முப்பத்தைந்து, ஐம்பது.
எண்பத்தைந்து என்னுடையதல்ல,
காத்தான்குடி றிஸ்மியிடம் ஒருநாள் வாடகை,
பிணையாக என் அடையாள அட்டை.
"கீறல் விழுந்தா நீ ஆரெண்டே எனக்குத் தெரியாது"
என்று சிரித்தான், பாதி உண்மையாக.

படுவான்கரை என்று பேர் வைத்தவர்களுக்கு
ஒளி தெரிந்திருக்கிறது.
நாலரைக்குப் பிறகு வெயில் வயலுக்கு மேலால் சரிந்து
முகத்தின் ஒரு அள்ளையில் மட்டும் படும்.
மற்ற அள்ளை தன்பாட்டில் இருக்கும்.

யோகமலர் அக்கா பிரதேச சபைக்கு நிற்கிறார்.
கட்சிக்காரர் குகநேசன் போனில் சொன்னது:
பின்னுக்கு ஒண்டும் தெரியப்படாது தங்கச்சி,
முகம் மட்டும், பளிச்செண்டு.
அதற்குத்தான் எண்பத்தைந்து.

அவர் நின்ற இடம் அவரே தெரிந்தது.
வெல்லாவெளிப் பக்கம் போகிற கிறவல் றோட்டு,
நடுவில் குழி,
மழை விட்டு நாலு நாளாகியும் வற்றாத தண்ணி.
இரண்டு கொக்கு அதைக் குளமென்று நம்பி நின்றன.

பத்தடி பின்வாங்கினேன்.
எண்பத்தைந்தில் பேசுவது கஷ்டம்,
காற்று சொல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.
"கொஞ்சம் கிறுகுங்க அக்கா" என்று கத்தினேன்.
முழுக்கக் கிறுகி முதுகைக் காட்டினார்.
மறுகா ஒரு சிரிப்பு.
அந்தச் சிரிப்பில் எடுத்தேன்,
ஒன்று தசம் எட்டில்.

இமையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனி.
காதிலேயே மங்கத் தொடங்கி
அதற்கப்பால் எல்லாம் குழைந்த பச்சை,
கொக்குகள் இரண்டு வெள்ளைப் பொட்டு.
வடிவான படம்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"றோட்டு எங்க?"
கரைச்சிட்டன் அக்கா, இந்த லென்ஸ் செய்யிற வேலையே அதுதான்.
"நல்ல வேலை.
இருவது வருசமா அவங்களும் இதைத்தானே செஞ்சாங்க,
லென்ஸ் இல்லாம."

ஐம்பதை மாட்டினேன்.
றோட்டு வந்தது.
குழி இருந்த இடத்தில் ஒரு கலங்கல்,
யாரோ துணியால் துடைத்த மாதிரி.
"மறுகா?"

முப்பத்தைந்து. துவாரத்தை எட்டுக்கு இறுக்கினேன்.
இதற்குக் கிட்டப் போகவேண்டும்.
மூன்றடி,
கடன் கேட்கிற தூரம்.
மூக்கு கொஞ்சம் பெருக்கும் அக்கா என்றேன்.
"பெருக்கட்டும் மனே,
இந்த மூக்கத் தெரியாத ஆள் இந்தப் பக்கம் இல்ல."
வெற்றிலை மணத்தது. மூச்சு கேட்டது.
வில்லையில் தன்னைக் கண்டு முந்தானையை இழுத்துவிட்டார்.

மூக்கு பெருத்துத்தான் போனது.
ஆனால் குழியின் விளிம்பில்
உழவு மெசின் சில்லு பல்லுப் பல்லாகப் பதிந்திருந்தது,
தண்ணிக்குள் தலைகீழாய் ஒரு மின்கம்பம்,
காலைத் தூக்கியபடி ஒரு கொக்கு.
மற்றது எப்போது பறந்ததோ.

போஸ்ற்றர் வந்தது.
குகநேசன் அவரை வெட்டி எடுத்து
நீலத்தில் ஒட்டியிருந்தார்.
கழுத்தோரம் வெட்டத் தவறிய வயல்,
ஒரு நூல் பச்சை.
இதற்கா அவ்வளவு யோசித்தேன்,
எத்தனை மில்லிமீற்றர், எத்தனை அடியென்று.

அடையாள அட்டை திரும்பியது. வாடகை போனது.
மழை மாதத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு,
மறுபடி றிஸ்மியின் எண்பத்தைந்தோடு,
அந்த வழியால் போனேன்.
மதகுச் சுவரில் யோகமலர் அக்கா,
ஈரம் ஊறி ஒரு மூலை கழன்று,
அதே பெருத்த மூக்கோடு.
நீலம் முடிகிற இடத்தில்
குழி தொடங்கியது.
இப்போது கொஞ்சம் அகலம்.

மாப்பிள்ளை வீட்டார் போன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.
மோட்டார்சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு
எண்பத்தைந்தைக் கழற்றினேன்.