வாசிக்க மட்டும்

கொம்பனித்தெரு, ஆறாம் மாடி.
ஏசி இரவு பத்துக்கு நின்றுவிடும்.
அதற்குப் பிறகு பேரே வாவியின் மணமும்
எங்களோடு ஓவர்டைம் செய்யும்.

செட்டியார் தெரு அடகுக்கடை ஒன்றின்
முழுக் கணக்கும் என் திரையில்.
சீட்டு இலக்கம்தான் திறப்பு.
திறந்தால் உள்ளே பெறுமதி:
பெயர், பவுண், வாங்கிய காசு, தவணை,
ஒரு ஃபோன் நம்பர்.

விடிய முன்னம் ஏலப் பட்டியல் போகவேண்டும்.
முதற் சீட்டில் ஒரு விரலை வைத்து
ஒன்று ஒன்றாய்த் தள்ளிக்கொண்டு போகிற வேலை.
விரலுக்கு இட்டரேட்டர் என்று பெயர்.
ரிஃப்கான் அதற்குக் கையுறை மாட்டித் தந்திருக்கிறான்.
பார்க்கலாம்,
தொடேலாது.

கையுறைக்குக் காரணம் நான்தான்.
போன மாதம் சதுர அடைப்புக்குள் ஓர் இலக்கத்தைப் போட்டு
இப்படி ஒருத்தர் இருக்கிறாரோ என்று கேட்டனான்.
இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்ட கணக்கு
உடனே ஓர் ஆளை உண்டாக்கி
உள்ளே இருத்திவிட்டது.
பெயர் இல்லை. பவுண் பூச்சியம். கடன் பூச்சியம்.
தவணை மட்டும் தப்பியிருந்தது.
விலாசமில்லாத எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அச்சாகி
முதலாளியின் மேசைக்கே போனது.
கேள்வி கேட்டதாலேயே ஆள் பிறந்தது என்று
எத்தனை தரம் விளங்கப்படுத்தியும்
கள்ளச் சீட்டு எழுதினது ஆர் என்றுதான்
அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அப்படி இல்லை.
இல்லாத இலக்கத்தைத் தேடினால்
விரல் பேசாமல் முடிவில் போய் நிற்கும்.
முடிவு ஒரு சீட்டு அல்ல,
கடைசிச் சீட்டுக்கும் அடுத்த இடம்.
வெள்ளவத்தை ஒழுங்கைகளில்
வீட்டிலக்கங்கள் கடலை நோக்கி ஏறி ஏறிப் போய்
தண்டவாளத்தோடு நின்றுவிடும் அல்லவா?
அதற்கப்பால் இருக்கிற தண்ணீருக்கு
இலக்கம் கிடையாது.
போய்ச் சேரலாம். கதவைத் தட்டப்படாது.

நடக்கிறேன்.
பெர்னதெத் குரூஸ், மட்டக்குளி, காப்பு இரண்டு. தவணை இருக்கிறது.
சித்தி ஜெஸீமா, மாளிகாவத்தை. இருக்கிறது.
சோமலதா, கிராண்ட்பாஸ், மோதிரம். நேற்று மீட்டாயிற்று.
சவரிமுத்து மரியதாஸ், ஜிந்துப்பிட்டி,
பெண்டன் இல்லாத சங்கிலி, ஒன்றரைப் பவுண்.
பதினொரு தரம் வட்டி கட்டிப் புதுப்பித்தவர்.
பன்னிரண்டாவதுக்கு
இரண்டு நாள் பிந்திவிட்டார்.

விரல் அங்கேயே நின்றது.
அதை நான்தான் நிறுத்தினேன்.
தவணையோடு இரண்டைக் கூட்டு என்று எழுதிப் பார்த்தேன்.
சிவப்பில் ஒரு வரி வந்தது,
ஏச்சும் இல்லை, இரக்கமும் இல்லை:
இது வாசிக்க மட்டும்.

ஒரு சொல்லை அழித்தால் கையுறை கழன்றுவிடும்.
ரிஃப்கான் ஹெட்ஃபோனோடு நித்திரை.
அந்தச் சொல்லின் வாலில்
கேர்சர் கனநேரம் கண்ணடித்துக்கொண்டிருந்தது.
இவருக்கு இரண்டு நாள் என்றால்
எனக்குத் தெரியாத மற்ற நாற்பத்தாறு பேருக்கு
எத்தனை நாள்?
பிளேன்டீ ஆறிப்போயிற்று.
கூட்டின இரண்டை நானே அழித்தேன்.

நாலே முக்காலுக்குப் பட்டியல் போனது,
மரியதாஸும் அதற்குள்.
உள்ளே எதுவும் மாறவில்லை,
ஒரு புள்ளிகூட.

கீழே வந்தேன். முதல் பஸ் இன்னும் வரவில்லை.
ஒரு நம்பர் மனதில் ஒட்டியிருந்தது.
வாசித்தவள் மறக்கவேண்டும் என்று
எந்தக் கம்பைலரும் சொன்னதில்லை.
வாடிக்கையாளருக்கு ஃபோன் எடுக்கப்படாது என்று
கம்பனி சொல்லியிருக்கிறது, அது வேறு.

"ஏலம் வெள்ளிக்கிழமை. அதுக்கு முதல் வட்டியைக் கட்டினா
சங்கிலி தப்பும்" என்றேன்.
பின்னால் ஓட்டோ ஒன்று ஸ்டார்ட் ஆக மறுத்துக்கொண்டிருந்தது.
"நீங்க ஆர் பேசுறது?"

பெயர் இல்லை.
பவுண் பூச்சியம்.
வைத்துவிட்டேன்.