இறக்கத்துக்கு டீசல் வேண்டாம்

புதன், சனி. குன்னூரில் மூன்றாம் எண் மெஷின்.
போஜன் அண்ணன் குல்லாவைக் கழற்றாமல் படுப்பார்.
இடது கையை மட்டும் என்னிடம் நீட்டுவார்,
அடகு வைக்க வந்த பொருளைப் போல.

கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு
இருபத்தாறு வருஷம் கிழங்கு லாரி.
இப்போது கிழங்கே ஆகாது.
வீட்டில் பொடியாய் நறுக்கி, வேகவைத்து,
தண்ணீரைக் கொட்டி,
மறுபடி வேகவைத்து, மறுபடி கொட்டித் தருகிறார்கள்.
"ருசியும் அந்தத் தண்ணியோடதான் போகுது" என்பார்.
பொட்டாசியம் போகிற வண்டியில்
அதுவும் தொற்றிக்கொள்கிறது போலும்.

"இந்தக் குழாய்க்குள்ள என்னதான் நடக்குது?"

முடி போல இழைகள், ஆயிரக்கணக்கில்.
உள்ளே உங்கள் ரத்தம்.
வெளியே, எதிர்த்திசையில், உப்புநீர்.
நடுவே ஒரு சவ்வு.
யூரியாவுக்கு அந்தப் பக்கம் நெரிசல், இந்தப் பக்கம் காலி.
அதனால் வருகிறது. யாரும் தள்ளுவதில்லை.

"இறக்கம்" என்றார்.
ஆமாம், இறக்கம்.
"அப்ப பம்பு எதுக்குச் சுத்துது?"
அது ரத்தத்தை வாசல்வரை கொண்டுவிட.
தாண்டுவதை அதுவேதான் தாண்ட வேண்டும்.
சிவப்பணு பெரிய வண்டி, இந்தப் பாலம் தாங்காது,
திரும்பி உங்களிடமே வரும்.

"ஏத்தம்?"

ஏற்றமெல்லாம் உங்களுக்குள்.
ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும்
மூன்று சோடியத்தை வெளியே தள்ளி
இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒன்று இருக்கிறது.
உள்ளே ஏற்கெனவே நிரம்பி வழிந்தாலும் இழுக்கும்.
ஒரு நடைக்கு ஒரு ஏடிபி. கடன் கிடையாது.
நீங்கள் தூங்கினாலும், மண்டிக்காரனைத் திட்டினாலும்
அது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார்.
"மேல வர்ற வண்டிக்குத்தான் மொதல்ல வழி விடணும்.
மலை ரோட்டு ரூல்."

பர்லியாறு செக்போஸ்டில்
தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விடுகிறார்கள்.
செல்லில் நேர்மாறு, தண்ணீருக்கென்றே தனி வாசல்,
சர்க்கரைக்கு வேறொரு வாசல்,
இரண்டிலும் கட்டணம் இல்லை என்றேன்.
சிரித்தார். பிரஷர் எகிறியது.

நவம்பரில் ஒரு சனி. மரப்பாலம் பக்கம் மண் சரிந்திருந்தது.
இரவு எட்டுப் பத்துக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமியது. நின்றது.
மூன்றாம் எண்ணின் பேட்டரி ஆடியிலேயே செத்துவிட்டது,
கடிதம் எழுதியிருந்தேன். இரண்டு.

சவ்வுக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை.
ஆனால் ஒரு டம்ளர் ரத்தம்
போஜன் அண்ணனுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.
நின்ற ரத்தம் உறையும்.
பம்பின் கைப்பிடியை மடக்கிலிருந்து இழுத்துச்
சுற்ற ஆரம்பித்தேன்.

நாலாம் கட்டில் நசீமா,
தன் பேட்டரி உயிரோடிருக்கிற நன்றியில்,
செல்போன் வெளிச்சத்தைக் குழாய்மேல் பிடித்தாள்.
காற்றுக்குமிழ் வருகிறதா என்று ஒரு கண்.
தோள் எரிந்தது.
சாயங்காலம் டீயில் நனைத்த இரண்டு வர்க்கி
என் கை வழியாகத் தீர்ந்துகொண்டிருந்தது.

அவர் எண்ண ஆரம்பித்தார்.
சுற்றுகளை அல்ல, கொண்டை ஊசிகளை.
"ஒண்ணு. கல்லாறு தாண்டியாச்சு."
"ஆறு. இங்க யானை நிக்கும், பாத்து."
"பதினொண்ணு. ரெண்டாம் கியர்லயே இருங்க, அவசரம் வேணாம்."

குழாய் இளஞ்சிவப்பானது. பிறகு வெறும் சலைன்.
எல்லாம் வீடு சேர்ந்தது.
பதினாலில் அவர் நிறுத்தினார், நானும்.

இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் எதுவும் நகராது.
அந்த அமைதியை
இதே கட்டடத்தின் பின்பக்க அறையில் பார்த்திருக்கிறேன்.
அங்கே யாரும் சோடியத்தை வெளியேற்றுவதில்லை.

ரோடு அடைத்திருந்ததால் இங்கேயே தங்கினார்.
பாதி யூரியா பாக்கி, திங்கள் மறுபடி வர வேண்டும்.
கம்பளிக்குள்ளிருந்து கேட்டார்:
"ஒரு துண்டு கிழங்கு?"
எத்தனை தண்ணீர் கொட்டியது?
"மூணு."
அது பொய் என்று எனக்குத் தெரியும்.
வலது கையைத் தூக்க முடியவில்லை,
இடது கையால் போர்வையை இழுத்துவிட்டேன்.