அரப்பு

படிவத்தில் ஒரு கோடு:
குணமாக வேண்டியது என்ன?
தோள்பட்டை என்று எழுதினேன்.
டாக்டரம்மா காலைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடியும் காலையே பார்த்தார்.

காலுக்கு ஒண்ணுமில்லைங்க.
ரெண்டு வயசில் ஒரு காய்ச்சலோடு
அது கணக்கை முடித்துக்கொண்டது.
முப்பத்தெட்டு வருசமாக
அதன் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது
இந்தத் தோள்தான்.
கம்பெனியில் கெஞ்சி வாங்கிய அஞ்சு நாள் லீவு
தோளுக்கு.

ஆனைமலைக்கு அக்கட்ட,
தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடுகள்.
ஆடி மாசம், காத்துக்குப் பயந்து யாரும் வராத சீசன்,
பாதி வாடகை.
துணைக்கு யாருங்க வந்திருக்கறது, என்றான் வரவேற்பில் பையன்.
எனக்கு இவள், இவளுக்கு நான்.
உடுமலை பேங்கில் போன் எடுக்கிற
மெகருன்னிசாவுக்குக் கண் தெரியாது.
அவள் தள்ளுவாள், நான் திருப்பம் சொல்வேன்.
பழைய கதையில வர்ற மாதிரியேங்க, என்று நெகிழ்ந்தான்.
கதையில வர்றவுங்க
இத்தனை சண்டை போடமாட்டாங்க தம்பி, என்றாள் அவள்.
அதற்குள் ஒரு தொட்டிச்செடியில் மோதியிருந்தோம்.
திருப்பத்தைச் சொல்ல மறந்தது நான்.

எண்ணெய் மேசை இடுப்பு உயரம்.
நிற்கிறவர்களின் இடுப்பு.
துளசிமணி சித்த நேரம் யோசித்தாள்,
வாட்ச்மேனை எழுப்பி
அவர் கவுத்துக்கட்டிலைத் தூக்கி வந்தாள்.
வேட்டி விரித்தாள்.
பிறகு கேட்டாள்:
தொடட்டுங்களா?

பழனியில் படியேற்றிவிட்டவர்கள்,
பஸ்ஸில் இடுப்பைப் பிடித்துத் தூக்கிய கண்டக்டர்கள்,
புண்ணியம் தேடி வந்த அத்தனை கைகள்.
ஒன்றுகூடக் கேட்டதில்லை.
பதில் சொல்லத் தெரியாமல்
விட்டத்தில் போகிற பல்லியைப் பார்த்தபடி
ம் என்றேன்.

எண்ணெய் சூடாக இருந்தது.
தோளில் முடிச்சு முடிச்சாக
திருப்பூரின் மேடுகள் எல்லாம் இருந்தன.
ரயில்வே கேட், கோர்ட்டு வீதி,
கம்பெனி வாசலில் அந்த மூணு அங்குலம்.
ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனாள்.
அழுதேனா என்று மெகருன்னிசா பிறகு கேட்டாள்.
எண்ணெய் கண்ணில் பட்டுடுச்சு என்றேன்.
அவள் நம்பவில்லை.

வெளியே, சாய்தளம் முழுக்க
தேங்காய்நார் விரித்து வைத்திருந்தார்கள்,
வழுக்கக்கூடாதென்று.
தரை வழுக்கவில்லை.
என் கை வழுக்கியது.
பாதி ஏற்றத்தில் சக்கர வளையம்
விரலுக்குள் நிற்காமல் நழுவ,
பின்னால் போனேன்,
மெதுவாக, அலங்காரத் தேர் மாதிரி,
மேட்டில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க,
ஒரு தென்னை மரம் பிடித்துக்கொள்ளும் வரை.

டாக்டரம்மா ஓடி வந்தார். நாடி பார்த்தார்.
துளசிமணி ஓடவில்லை.
உள்ளே போய்
வடிகஞ்சியில் குழைத்த அரப்புக் கிண்ணத்தோடு வந்தாள்.
முதலில் என் உள்ளங்கை.
அப்புறம் தரையில் குந்தி
வளையம் இரண்டையும்
பச்சையாகப் பூசித் தேய்த்தாள்,
பிள்ளைக்குத் தலை தேய்ப்பதுபோல் இடுக்கு விடாமல்.
எண்ணெ வெச்சா அரப்புப் போடாம வுடலாமுங்களா?
ஒரு குடம் வெந்நீர் ஊற்றினாள்.
பதினோரு வருசத்தில்
என் வண்டி குளித்தது அன்றைக்குத்தான்.

பிறகு நாலு நாளும் அப்படியே.
எனக்கு முதுகு, அதுக்கு வளையம்.
கசாயத்தை மட்டும்
ரெண்டு பேரும் செடிக்கு ஊற்றினோம்,
மோதினோமே, அந்தச் செடிக்கு.

திங்கக்கிழமை செக்கிங் டேபிள்.
நடக்க வருதாக்கா, என்றாள் பக்கத்து மெஷின் பிரேமலதா.
ஆசையாகத்தான் கேட்டாள்.
இல்லை, தூக்கம் வருது, என்றேன்.
வெள்ளைக் காலர் ஒன்றைத் திருப்பியபோது
ஓரத்தில் பச்சையாக, பட்டும் படாமல்,
என் கட்டைவிரல் ரேகை.
கறை இருந்தால் தள்ள வேண்டும், அதுதான் என் வேலை.
மூக்கருகே கொண்டுபோனேன்.
யாரும் பார்க்கவில்லை.
பாஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டினேன்.