ரூ. 4-8-0

நூற்றுப் பத்தாம் ஆண்டு விழா.
நீதிபதிகள் படம் முன்னால் வரட்டும் என்றார் முதல்வர்.
வைத்தேன்.
மந்திரிகள், ஒரு கிரிக்கெட் வீரர்,
கல் நாட்டிய துரையின் குடைப்பிடி.

கடைசி மேசையில் இடம் மிச்சமிருந்தது.
மாடிப்படிக்குக் கீழே கிடைத்த
1951ஆம் வருடத்துக் கட்டணப் பாக்கிப் பேரேட்டை
பூச்சி தின்றது போக விரித்து வைத்தேன்.
"இதெல்லாம் எதுக்கு, மானக்கேடு" என்றார் கணக்கர்.
யாருடைய மானம் என்று நான் கேட்கவில்லை.

வெயில் போர்டிகோ வரை ஏறிய நேரம்
நாற்காலி இறக்க வந்தவர் ஒருவர்
கண்ணாடிமேல் வேர்வை சொட்டக் குனிந்தார்.
விரல் வரிவரியாக இறங்கி
நின்றது.
எ. மாசிலாமணி, புளியந்தோப்பு.
அடுத்த கட்டத்தில் சிவப்பு மசி:
பெயர் நீக்கப்பட்டது.

"எங்க பெரியப்பா.
காலேஜ் படிச்சேன்னு சொல்லுவாரு.
நாங்க சிரிப்போம் சார்."

மேடையில் நிறுவனர் வாழ்த்து.
மைக் ஒருமுறை வீறிட்டு அடங்கியது.
அவர் சட்டைப்பையைத் துழாவி
ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்தார்.
"இப்பக் கட்டுனா பேரு ஏறுமா?"

அலுவலகத்துக்குப் போனேன், நிஜமாகவே.
எந்தத் தலைப்பில் ரசீது போடுவதென்று
கணினியில் இன்னும் தேடுகிறார்கள்.
நாணயம் கண்ணாடிமேல் இருக்கிறது.
எட்டணா
நாங்கள் அவருக்குத் தர வேண்டும்.