கனம்

துறைமுகத்தில் காப்பி மூட்டை இறக்குகிறவன் நான்.
ஒன்று அறுபது கிலோ. தோளில் ஏறியதும்
உடம்பு தானாக அகன்றுகொள்ளும்.
இருபத்தாறு வருடம் அகன்றதை
ஒன்பது மாதமாக ஒடுக்கிப் பார்த்தேன்,
திரைச்சீலையை இழுத்துவிட்டு,
சமையலறைத் தரை ஓடுகளுக்கு நடுவே ஓடும்
ஒற்றைக் கோட்டின் மேல்.

ஒரு பாதம், அதற்கு நேர் முன்னே மறு பாதம்.
முழங்கை இடுப்பை விட்டு விலகக் கூடாது.
விழுந்த சாவியைக் குனிந்து எடுக்காதே, ஃபெர்ருச்சோ,
முழங்கால்கள் சேர்ந்தே இறங்கட்டும்.
கோப்பையை விரல்நுனியால் பிடி,
அதன் கழுத்தை நெரிக்காதே.

பேருந்தில் பெண்களைத் திருட்டுத்தனமாய்ப் படித்தேன்.
ஒருத்தி முறைத்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள்.
எனக்கு வேண்டியது அதுவல்ல அம்மணி,
பையை மடியில் எப்படி வைத்துக்கொள்கிறாய் என்பதுதான்.
இதை எந்த வாயால் சொல்வது?
இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி
நடந்தே வீட்டுக்குப் போனேன்.

அதிலும் குழப்பம்.
மீன்கடை ஓந்தினா கால்களை அகட்டி நின்று
சூரையை இரண்டாகப் பிளக்கிறாள்,
தெருக்கோடி வரை கேட்கச் சிரிக்கிறாள்.
அவளை யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை.
கோடு கிழித்து நடக்கச் சொல்லி
எனக்கு மட்டும்தான் பரீட்சை.

பிப்ரவரி, வியாழக்கிழமை, மாலை நாலு மணி.
சாம்பல் பாவாடை. கருஞ்சிவப்புக் கழுத்துத்துணி.
கண்ணாடியில் நீவெஸ்.
நாற்பத்திரண்டு படியும் ஒயிலாக இறங்கினேன்,
பார்க்க ஒரு பூனைகூட இல்லை.
தெருக்கதவைத் திறந்தால்
போரா.

திரியெஸ்தேக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.
மற்றவர்களுக்கு: அதைக் காற்று என்று சொல்லி முடியாது,
மலையிலிருந்து தண்டவாளம் இல்லாமல்
இறங்கி வரும் சரக்கு ரயில்.
ஸ்கூட்டர்கள் வரிசையாகச் சரிந்து கிடந்தன.
ஒரு குப்பைத்தொட்டி
கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பது மாதமும் பத்து அடியில் பறந்தது.
ஒரு கை பாவாடைக்கு, ஒரு கை பொய்முடிக்கு,
முழங்கை எங்கே இருந்ததென்றே நினைவில்லை.
கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர்
விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்தார்,
மனைவியைக்கூட அப்படிப் பிடித்திருக்க மாட்டார்.
குதிகால் செருப்புக்காரி நண்டாய் நகர்ந்தாள்.
ஆண்நடை இல்லை, பெண்நடை இல்லை,
தெரு முழுக்கக் குனிந்த முதுகுகள்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முனை திரும்பும்போது
யாரோ என் கையைப் பற்றினார்கள்.
ஒல்லியானவள். கோட்டுக்குக் கீழே
ஆஸ்பத்திரிச் சீருடையின் பச்சை.
"சிஞ்ஞோரா, அப்படியே நில்லுங்க,
என்னைத் தூக்கிட்டுப் போயிடும்!"

நின்றேன்.
கப்பல் பக்கம் நிற்கிற மாதிரி கால்களை அகட்டினேன்.
தோள்களை அவற்றின் போக்கில் விட்டேன்.
என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு
காது கிழியக் கத்தினாள்:
"நல்ல கனமா இருக்கீங்க, கடவுளுக்கு நன்றி!"

இரண்டு பேரும் காப்பிக்கடைக்குள் போய் விழுந்தோம்.
சின்னக் கண்ணாடிக் குவளையில்
நுரை தொட்ட காப்பி, ஆளுக்கு ஒன்று.
கழுத்துத்துணி எப்போதோ பறந்துவிட்டிருந்தது.
அவள் கண் என் தொண்டையில் ஒரு கணம் நின்றது.
பிறகு சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.
"முடி கொஞ்சம் கோணல். இடப்பக்கம்,"
என்றாள் மெதுவாக.
தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி நீட்டினாள்.

குத்திக்கொள்ள மூன்று தடவை ஆயிற்று.
விரல்கள் விறைத்துப் போயிருந்தன.
குவளையை இரண்டு உள்ளங்கையாலும் இறுக்கினேன்,
சூட்டுக்காக, கழுத்தை நெரிக்கிற மாதிரியேதான்.
அவளும் அப்படித்தான் பிடித்திருந்தாள்.

"எந்தப் பக்கம் போறீங்க?" என்றாள்.
என் வீடு அந்தப் பக்கம் இல்லை.
"அதே பக்கம்தான்," என்றேன்,
குரலைச் சன்னமாக்க மறந்து.